காவடி நாளில் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கேமராவோடு புதியவர்கள் வருகிறார்கள். அதே தவறுகளும் கூடவே வருகின்றன. பேட்டரி, மெமரி கார்டு விஷயங்களை விட்டுவிடுவோம்.

'செமையா ஒரு ஷாட் பிடிச்சேன்'

'ஸ்னாப்ஷாட்' வேட்டைக்காரர் சொல். நிதானமாகக் குறி பார்க்காமல் சட்டென்று சுடுவது என்று பொருள். 1860-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் அதை ஒளிப்படத்துக்குக் கொண்டுவந்தார். 1882-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே, பறக்கும் பறவைகளைப் பதிய துப்பாக்கி வடிவிலேயே கேமரா செய்தார். தமிழில் படம் 'பிடிக்கிறோம்', மொரீஷியஸின் கிரியோல் மொழியில் 'தீர் ஃபோதோ'; 'தீர்' என்றால் இழுப்பது, சுடுவது. சொல்லைப் பழகிய கை அப்படியே நடக்கிறது: தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸ், சற்றுத் தள்ளிக் கூட்டத்துக்குள் ஒரு மறைவு, நாக்கில் அலகு ஏறும் நொடியில் தொடர்ச்சியாக முப்பது கிளிக்.

படமும் கெடுகிறது. தோளைத் தாங்கும் தம்பி, பால்குடம் ஏந்திய அம்மா எல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய், வலி தெரியும் முகம் மட்டும் மிஞ்சுகிறது. அதைவிடக் கொடுமை, அலகு குத்திய நாக்கால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது! அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதை இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றினால், மறுவருடம் அந்தக் குடும்பம் கேமராவைக் கண்டாலே சுற்றி நின்று மறைக்கும். முறையாகக் கேட்டு வருபவருக்கும் சேர்த்துத்தான்.

கேட்க வேண்டிய நேரம் கொடியேற்றம், அல்லது விரத நாட்களின் மாலைப் பூஜை முடிந்த பிறகு. 'மோ காபாவ் தீர் ஊ ஃபோதோ?' (உங்களைப் படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். பெரியவர்களிடம் 'ஊ' (நீங்கள்) தான், 'தோ' (நீ) கூடாது. அலகு குத்தும் நேரத்துக்குத் தனியாகக் கேளுங்கள். 'நிறுத்து' என்பதற்கு ஒரு கைச்சைகையை வீட்டார் ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சுற்றியிருப்பவர்களையும் சேர்த்துக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ் போதும். இரண்டு மீட்டர் தூரத்தில், வழியை மறிக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஷட்டர் வேகம் 1/250 வினாடி. காவடி வளைவின் நிழலில் முகம் கறுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள்.

ஃபிளாஷ்

வேண்டாம்.

'சப்ஜெக்ட்'

படத்தில் வருபவரை அப்படிச் சொல்லாதீர்கள். பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிப் பேசுங்கள்.

குழந்தைகள்

பெற்றோர் தலையசைத்த பிறகுதான்.

'அப்புறம் அனுப்புறேன்'

பெரும்பாலும் வந்து சேராது. 10×15 செ.மீ. அச்சு இரண்டு போட்டு, பதினைந்து நாளுக்குள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தப் படத்தை வெளியே காட்டலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.