ஆங்கிலச் சொற்களைக் கூட்டமாகப் படிப்பது எப்படி?

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று தயாராகிற பலர் ஆங்கிலச் சொற்களை ஏ-யில் தொடங்கி இசட் வரை வரிசையாக உருப்போடுகிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அபேட், அபேஸ், அபெட் என்று தொடக்கம் மட்டும் ஒன்றாக இருந்து பொருளில் சம்பந்தமே இல்லாத சொற்களை அடுத்தடுத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, உள்ளே ஒரே எழுத்துக்கூட்டம் வருகிற சொற்களைச் சேர்த்துப் படியுங்கள். லத்தீனிலிருந்து வந்த சொல் என்றால் அந்த எழுத்துக்கூட்டம் பெரும்பாலும் ஒரு பொருளையும் சுமந்து வரும்.

பி-ஓ-ஆர்-டி, அதாவது போர்ட் என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒன்லுக் என்ற இலவச அகராதித் தளத்தில் இந்த நான்கு எழுத்துக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் பெரிய பட்டியலே வரும். எல்லாம் வேண்டாம், முதலில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டர், போர்ட்டபிள். எல்லாவற்றிலும் எதையோ தூக்கிச் செல்வது இருக்கிறது இல்லையா? லத்தீனில் போர்ட்டாரே என்றால் சுமப்பது.

அப்புறம் முன்னொட்டைப் பாருங்கள். ரீ என்றால் திரும்ப, ஆகவே ரிப்போர்ட் என்பது போய்ப் பார்த்ததைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வது. சப் என்றால் கீழே, சப்போர்ட் என்பது கீழிருந்து தாங்குவது. டீ என்றால் அப்பால், டிபோர்ட் என்பது ஒருவரை நாட்டைவிட்டு அனுப்புவது. ஸ்போர்ட் கூட இந்தக் கூட்டம்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி: டிஸ்போர்ட் என்ற பழைய சொல்லின் தலை உதிர்ந்து வந்தது அது, மனதைக் கவலையிலிருந்து வேறு பக்கம் கொண்டுபோவது என்ற பொருளில்.

இந்த இடத்தில் கவனம் தேவை. எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே எல்லாம் ஒரே கூட்டம் ஆகிவிடாது. துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட், லத்தீனில் போர்ட்டுஸ் என்ற தனிச்சொல். ஏர்போர்ட் அந்தப் பக்கம், ஆப்பர்ச்சுனிட்டியும் அந்தப் பக்கம்தான், காற்று கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளுவதிலிருந்து வந்தது. போர்ட்ரெய்ட் வேறு, அது இழுப்பது, வரைவது என்ற வேரைச் சேர்ந்தது. பங்கு என்று பொருள்படும் போர்ஷனும் வேறு. அதனால் சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் மெரியம்-வெப்ஸ்டர் தளத்தில் சொல்லைத் தேடிக் கீழே இறங்கிச் சொற்பிறப்புப் பகுதியைப் படியுங்கள், அல்லது எட்டிமான்லைன் தளத்தில் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

நோட்டில் ஒரு எழுத்துக்கூட்டத்துக்கு ஒரு பக்கம். நடுவில் வேர், சுற்றிலும் சொற்கள், பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே "ஒன்றுபோல் தெரிபவை, உறவில்லாதவை". அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் அடிக்கடி புரட்டுவீர்கள்.

இன்னொன்று, முன்னொட்டுகள் உருமாறும். இன் என்பது பி-க்கு முன்னால் இம் ஆகிவிடும், அதனால்தான் இம்போர்ட். சில சமயம் வேரிலேயே ஓர் எழுத்து காணாமல் போகும். பார்ப்பது என்ற பொருளுள்ள ஸ்பெக்ட் என்ற வேர் இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் எல்லாவற்றிலும் முழுசாக இருக்கும். எக்ஸ்பெக்ட்டில் மட்டும் எக்ஸ் வந்து எஸ்-ஐ விழுங்கிவிட்டது, வெளியே பார்த்துக் காத்திருப்பது அது. எழுத்தை மட்டும் நம்பித் தேடினால் இதைத் தவறவிடுவீர்கள்.

அடுத்து டி-ஐ-சி-டி, அதாவது டிக்ட் எடுங்கள், சொல்வது என்று பொருள். பிரெடிக்ட் முன்கூட்டிச் சொல்வது, கான்ட்ராடிக்ட் எதிர்த்துச் சொல்வது, வெர்டிக்ட் உண்மையைச் சொல்வது. குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் இண்டைட்டிலும் எழுத்தில் இதே நான்கும் உண்டு, உச்சரிப்பில்தான் சி வராது, ஆகவே காதால் கேட்டு எழுதினால் தப்பாகும். அடிக்ட்டும் இங்கேதான்: கடனைக் கட்ட முடியாதவனைக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைத்துத் தீர்ப்புச் சொல்வது ரோமானியச் சட்டத்தில் உண்டு, அப்படி ஒப்படைக்கப்பட்டவன் அடிக்டுஸ்.

பக்கம் நிரம்பியதும் பொருளை மறைத்துக்கொண்டு முன்னொட்டையும் வேரையும் மட்டும் வைத்து ஊகித்துப் பாருங்கள், பிறகு அகராதியோடு ஒப்பிடுங்கள். ஊகம் எங்கே விலகியதோ அந்தச் சொல்லுக்கு மட்டும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.