கதவுத் துருவைத் தடுக்க ஓர் ஈர்க்குச்சி போதும்

பழைய அம்பாசிடர், பத்மினி அல்லது சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருப்பவர்கள், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் உள்ள வடிகால் துளைகளில் தென்னை ஈர்க்குச்சியை விட்டு அடைப்பை நீக்கி, கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றி, அது உடனே கீழே வடிகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியோர ரப்பர் புதிதாகவே இருந்தாலும் மழைநீர் கதவுக்குள் இறங்கவே செய்யும். அது வெளியேற அந்தத் துளைகளே வழி. புழுதியும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் தகட்டின் மடிப்பில் தேங்கி உட்புறத்திலிருந்து அரிக்கத் தொடங்குகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றோடு வரும் உப்பு இதை விரைவுபடுத்துவதால், வெளியே பெயின்ட் கொப்பளித்து நமக்குத் தெரியவரும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கும். கம்பியோ ஸ்க்ரூ டிரைவரோ துளையோரப் பெயின்டைச் சுரண்டி, அங்கேயே புதிய துருவுக்கு இடம் கொடுத்துவிடும் என்பதால்தான் ஈர்க்குச்சியை வலியுறுத்துகிறேன். கதவு வெயிலில் நன்றாகக் காய்ந்த பின் உள்மடிப்பில் துருத்தடுப்பு மெழுகைத் தெளிக்கலாம். ஆனால் அந்த மெழுகே துளையை அடைத்துவிடக்கூடும், மறுபடி பார்த்துவிடுங்கள்.

தரைத்தகட்டில் ரப்பர் மூடியுடன் இருக்கும் துளைகளுக்கு இது பொருந்தாது. அவை மூடியே இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போதே கதவின் அடித்தகடு உள்வாங்கினால், அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டுமே தவிர, மேலே பட்டி பூசி மறைக்கக் கூடாது.