சிறிய கமெராவில் விளையாட்டுப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் போட்டிகளைப் படமெடுக்க வரும் இளைஞர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "பெரிய லென்ஸ் இருந்தால் நல்ல படம் வரும்." அதை நான் ஏற்பதில்லை. ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் என்றாலும் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றாலும், எல்லைக்கோட்டுக்கு அருகிலேயே நின்று எடுக்கும் வாய்ப்பு நமக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது. படம் கெடுவது அதற்குப் பிறகு நாம் எடுக்கும் முடிவுகளால்தான்.

முதல் தவறு, பந்து போகும் இடமெல்லாம் கமெராவோடு ஓடுவது. மைதானத்தின் மறுமுனையில் நடப்பது, தூரத்தை இழுத்துக் காட்டும் 55-250 மி.மீ. ஸூம் லென்ஸிலும் எறும்பளவே தெரியும். கோல் கம்பத்துக்கும் மூலைக் கொடிக்கும் இடையே, கோட்டுக்குச் சற்றுப் பின்னால் ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். ஆட்டம் உங்களிடம் வரட்டும். நடுக்கோட்டருகே நிற்பவருக்குப் பெரும்பாலும் முதுகும் தோளுமே கிடைக்கும். கோலை நோக்கி வருபவரின் முகம் கோலின் பக்கம் இருப்பவருக்கே தெரியும். முழந்தாளிட்டு எடுத்தால் வீரர் உயர்ந்து தெரிவார்.

இடம் பிடிக்கும்போது சூரியனையும் கணக்கில் எடுக்கவேண்டும். நம் நகரின் டச்சுக் குடாக் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. மாலையில் நகரத்துக்கு முதுகு காட்டி நின்றால் முகங்களில் வெயில் விழும், பின்னணியில் கடல் இருக்கும். காலையில் அதே இடத்தில் நின்றால் முகமெல்லாம் கறுத்துவிடும்.

அடுத்தது ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்காகக் கமெரா ஒளியை உள்ளே விடும் நேரம். என் பார்வையில் அதிகமான படங்களைக் கெடுப்பது இதுதான். கமெராவையே தீர்மானிக்க விட்டால் (ஆட்டோ முறை) அது 1/250 நொடி அளவில் நின்றுவிடக்கூடும். ஓங்கி உதைத்த பந்து நொடிக்கு 25 மீற்றர் போகிறது என்று வையுங்கள். 1/250 நொடிக்குள் அது 10 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர்தான். 1/1000 வைத்தால் நகர்வு இரண்டரை சென்ரிமீற்றராகக் குறையும். ஆகவே ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானியுங்கள். குவியத்தை (ஃபோகஸ்), நகரும் வீரரை விடாமல் பின்தொடரும் தொடர்குவியத்தில் வையுங்கள். கெனனில் அது ஏஐ சேர்வோ. நிக்கோன், சோனியில் ஏஎஃப்-சி.

மாலை ஐந்தரைக்குப் பிறகு ஒளி வேகமாகக் குறையும்போது பலர் கமெராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தப் பயந்து ஷட்டரைக் குறைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 1600, 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் புள்ளிகள் தெரிந்தாலும் வீரரின் முகம் அடையாளம் தெரியும். கலங்கிய முகத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடியாது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகும்). எஃப் 5.6இல் நிற்கும், கமெராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை அது உள்ளே விடும். கரப்பந்தாட்ட வலையருகே அதன் தூரமும் போதும்.

கரப்பந்தாட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. பாய்ந்து எழும் வீரர் உச்சியை அடையும்போது ஒரு கணம் மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை. காற்றில் இருக்கும் நேரத்தில் பாதியை அவர் தாம் எழுந்த உயரத்தின் மேல் கால்பகுதியிலேயே கழிக்கிறார். அந்தக் கணத்துக்குக் காத்திருந்தால் 1/250 கூடப் போதும். அடிக்கும் கை கலங்கலாம், முகம் கலங்காது. உயரம் பாய்தலுக்கும் இது பொருந்தும். பந்தில் கை பட்டதைக் கண்ட பிறகு அழுத்தினால் அது பிந்திய படம். எழும்பும்போதே அழுத்தத் தொடங்குங்கள்.

பிளாஷை மூடியே வையுங்கள். கமெராவோடு வரும் சிறு பிளாஷ் சில மீற்றருக்கு அப்பால் உதவாது. அதை எழுப்பினால் ஷட்டரும் பெரும்பாலான கமெராக்களில் 1/200 அளவில் நின்றுவிடும். பந்தை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளையின் கண்ணில் அது பளிச்சென்று அடிப்பதும் நியாயமில்லை.

இரவில் மின்னொளியில் நடக்கும் போட்டிகளில் அடுத்தடுத்த படங்கள் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வந்தால் கமெரா பழுது என்று எண்ணவேண்டாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. வேகமான ஷட்டர் அதைப் பிடித்துவிடுகிறது. மினுக்கம் தவிர்க்கும் வசதி கமெராவில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடர்ச்சியாக அழுத்திக்கொண்டே இருப்பதும் உதவாது. விலை குறைந்த கமெராவில், பதப்படுத்தாத பெரிய கோப்புகளான 'ரோ' படங்கள் சிலவற்றிலேயே கமெராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, கோல் விழும் நேரத்தில் கமெரா நின்றுவிடும். சிறிய கோப்பான ஜேபெக்கில், மூன்று நான்கு படங்களாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்ப்பதை இடைவேளைக்கு ஒத்திவையுங்கள். கைபேசியில் எடுப்பவர்கள் டிஜிட்டல் ஸூமைத் தொடாமல், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மைதானப் புழுதியும் கடற்கரை மணலும் கமெராவுக்குள் புகும். அந்த நாட்களில் லென்ஸ் மாற்றவேண்டுமென்றால் ஓட்டோவுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கமெராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.