கஞ்சா பயங்காட்டிப் போஸ்டர்கள்: புதிதாகச் சேர்ப்பவர்கள் ஏமாறும் இடங்கள்

அமெரிக்காவின் பழைய கஞ்சா எதிர்ப்புப் போஸ்டர்களைத் தேடிக் கிளம்புகிறவர்கள் வருஷா வருஷம் அதே குழியில்தான் விழுகிறார்கள். பழுப்பேறிய காகிதத்தைப் பார்த்து மயங்குவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடலாம்.

அரசாங்கம் அச்சிட்டது என்று நம்புவது

எரிச்சலூட்டுவது இதுதான். மிரண்ட கண்கள், சரிந்த உடையில் பெண், சுருள் புகை என்று வரும் போஸ்டர்களில் பெரும்பாலானவை டிக்கெட் விற்கப் போட்டவை. 1934 முதல் ஹாலிவுட்டின் தணிக்கை விதி கறாரானது. போதைக் கடத்தலைக் காட்டப் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வழியில்லை. அந்தச் சந்தில் புகுந்தவர்கள் டுவைன் எஸ்பர் போன்ற சில்லறைத் தயாரிப்பாளர்கள். வாசலில் 'பெற்றோருக்குப் பாடம்', உள்ளே கிளுகிளுப்பு.

'ரீஃபர் மேட்னஸ்' 1936இல் 'டெல் யுவர் சில்ட்ரன்' என்ற பெயரில் எடுத்த கஞ்சா எதிர்ப்புப் படம். எஸ்பர் அதை வாங்கி, வெட்டி ஒட்டி ஓட்டினார். 1972இல் கஞ்சாத் தடையை நீக்கப் போராடிய கீத் ஸ்ட்ரூப் 297 டாலருக்கு ஒரு பிரதியை வாங்கினார். கல்லூரிகளில் அது சிரிப்புப் படமாக ஓடி அவருடைய இயக்கத்துக்கே நிதி சேர்த்தது. ஆக, எழுபதுகளில் அடித்த போஸ்டர், பயப்படுகிறவர்களுக்கானது அல்ல, கேலி செய்யப் போகிறவர்களுக்கானது. அதற்குப் போய் முப்பதுகளின் விலையைக் கொடுக்கிறார்கள்! படத்துக்குக் காப்புரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள்.

அரசின் குரல் வேண்டுமென்றால் போதைத் தடுப்புத் துறைத் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் 1937 ஜூலையில் அமெரிக்கன் மேகசினில் எழுதிய கட்டுரையைத் தேடுங்கள். அடுத்த மாதமே மரிஹுவானா (கஞ்சா) வரிச் சட்டம் கையெழுத்தானது.

அளக்காமல் வாங்குவது

அந்தக் கால ஒன்ஷீட், அதாவது வழக்கமான ஒற்றைத் தாள் சினிமா போஸ்டர், 27க்கு 41 அங்குலம். எட்டுக் கட்டமாக மடித்துத்தான் தியேட்டருக்குப் போகும். 27க்கு 40 இருந்து மடிப்பே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். மடிப்பு இருந்தால் விரலால் தடவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நிஜ மடிப்பில் மை உதிர்ந்து காகித நார் தெரியும். ஸ்கேன் பிரதியில் மடிப்பும் புள்ளி புள்ளியாக அச்சாகியிருக்கும், தடவினால் வழவழவென்று இருக்கும். கீழே, தியேட்டர்களுக்குப் போஸ்டர் விநியோகித்த நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் நிறுவனத்தின் எண் இருந்தால் 1940க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. எண்ணுக்கு முன் 'ஆர்' இருந்தால் மறுவெளியீடு.

துணியில் ஒட்டியதை வாங்குவது

பின்பக்கம் போச்சு, பார்த்துச் சோதிக்க முடியாது. ஒட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ கேளுங்கள்.

பொரித்த முட்டை விளம்பரத்தையும் இதோடு சேர்ப்பது

'போதையில் உன் மூளை இதுதான்' என்று சட்டியில் முட்டையைக் காட்டும் விளம்பரம் அது. 1987. டிவிக்காக எடுத்தது. வேறு அலமாரி.