குழந்தைகளின் சொத்தைப் பல்: பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே நடக்கும் தவறுகள்

பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடத்துவது பெரிய வேலையில்லை. டார்ச்சும் வாய்க்கண்ணாடியும் பெயர்ப்பட்டியலும் இருந்தால் போதும். சொத்தை உள்ள குழந்தையின் கையில் “பல் மருத்துவரைப் பார்க்கவும்” என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததாக நினைப்பதுதான் முதல் தவறு. எந்தப் பல், எவ்வளவு அவசரம், எங்கே போவது, என்ன செலவாகும் என்று எதுவும் அதில் இருக்காது. பாதிச் சீட்டு புத்தகப்பையைத் தாண்டுவதில்லை.

முகாமுக்கு முன்பே பெற்றோரிடம் சிகிச்சைக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கிவிட்டால், அன்றே செய்யக்கூடியவை நிறைய. சொத்தையைத் தடுக்கும் பூச்சான ஃபுளோரைடு வார்னிஷ் பூச ஓரிரு நிமிடம்தான். சின்னக் குழிகளைக் கைக்கருவியால் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமென்டால் அடைக்கலாம். மின்சாரமோ டிரில்லோ வேண்டாம். குழி விழுந்த பால் பல்லுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற, வெள்ளி கலந்த திரவ மருந்து உண்டு. பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, ஈறிலும் உதட்டிலும் வாசலின் தடவி, மருந்தைத் தொட்டு ஒரு நிமிடம் வைத்தால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஊசி இல்லை, வலி இல்லை.

ஆனால் மருந்து பட்ட சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். இதை முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லாமல் பூசினால், பெற்றோர் கோபித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அடுத்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பவும் மாட்டார்கள். சீழ் வைத்த பல்லுக்கோ, தானாக வலிக்கும் பல்லுக்கோ இது உதவாது. வெள்ளி ஒவ்வாமை இருந்தால் தொடவே கூடாது. ஒருமுறை பூசியதோடு விட்டுவிடுவதும் தவறுதான், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லாக் குழந்தைகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது இன்னொரு பிழை. முகம் வீங்கிக் காய்ச்சலோடு இருக்கும் குழந்தை அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண் மூடுமளவு வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்றால் ஓரிரு நாளில் பல் மருத்துவரிடம் நேரம் கிடைக்க வேண்டும், மற்றவை காத்திருக்கலாம்.

வீட்டில் நடப்பது வேறு. “பால் பல்தானே, விழுந்துடும்” என்பார்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் நகர்ந்து, அடியில் வரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசமான குழப்பம் ஒன்று உண்டு: ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்துச் சொத்தையை விட்டுவிடுகிறார்கள்.

வலிக்கும்போதெல்லாம் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. வீக்கம் வடியும், குழி அப்படியேதான் இருக்கும், சில வாரத்தில் சீழ் திரும்பும்.

வலி வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறையொட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால், சொத்தை தொடங்கியிருக்கலாம். குழி விழாத இந்தக் கட்டத்தில் வார்னிஷும், 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அல்லது அதற்கு மேல் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டும் பல்லை மீட்டுவிட முடியும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு.