மூட்டுவலிப் பயிற்சி எங்கே சொதப்புகிறது?

சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு மூட்டுவலி பற்றிப் பயிற்சி என்றாலே எலும்பு, குருத்தெலும்பு, மூட்டுச்சவ்வு என்று படம் படமாக ஸ்லைடு ஓடும், அரை நாள் அதிலேயே போய்விடும். ஆனால் மறுநாள் ஒரு வீட்டில் "கை விரலெல்லாம் வலிக்குதும்மா" என்று ஒருவர் சொல்லும்போது அடுத்து என்ன கேட்பது என்று அந்தப் பணியாளருக்குத் தெரியாது. பயிற்சி தொடங்க வேண்டிய இடமே அந்தக் கேள்விதான்.

"வயசானா வரத்தான் செய்யும்" என்று பணியாளரையே சொல்ல வைப்பது பெரிய தவறு. மூட்டுத் தேய்மானம் வயதோடு கூடும், சரி. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் அப்படியில்லை, நடுவயதில் நிறையப் பேருக்கு வருகிறது, மூட்டழற்சி குழந்தைகளுக்கும் வரும். "காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?" என்ற ஒரே கேள்வி நிறைய வேலை செய்யும். தேய்மானத்தில் அது பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியும் இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், ஏனென்றால் சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மூட்டு அரிக்கப்படலாம், அரித்தது திரும்ப வராது.

அப்புறம், ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை. தைலம் தேய்த்து நாளைக்குப் பார்ப்போம் என்பது கூடாது.

உடற்பயிற்சியைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். தாளைப் பார்த்து யாரும் செய்ய மாட்டார்கள். பணியாளரையே தரையில் உட்கார வைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள், ஐந்து எண்ணும்வரை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள், முக்கால்வாசிப் பேர் பிடிப்பார்கள். தன் தொடையில் உணர்ந்தவர்தான் இன்னொருவருக்குச் சொல்லித் தர முடியும். "வலிச்சா நிறுத்திடுங்க" என்று மொட்டையாகச் சொல்லவும் வேண்டாம், அப்படிச் சொன்னால் முதல் நாளே நிறுத்திவிடுவார்கள். செய்த பிறகு கூடிய வலி இரண்டு மணி நேரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் அடுத்த நாள் அளவைக் குறைக்கச் சொன்னால் போதும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், இதைப் பயிற்சி கொடுப்பவர்களே மாற்றிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

"உடம்பைக் குறைங்க" என்பது அறிவுரையே இல்லை, அவர்களுக்கு அது தெரியும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு கிலோ எட்டுகிற தூரம்தான் என்று தோன்றும்.

மருந்து மருத்துவர் வேலை, பணியாளருக்கு எதற்கு என்று அந்தப் பகுதியையே விட்டுவிடுவது ஆபத்து. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போட வேண்டிய மாத்திரை. தவறுதலாகத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. "எந்தக் கிழமை போடுறீங்க?" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கப் பழக்குங்கள், "தினமும்தான்" என்று பதில் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். வலி மாத்திரைகள் பல வயிற்றைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், ஆகவே கடையில் வாங்கியதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெயரில்லாத பொடி சாப்பிடுகிறவர்களைத் திட்டாதீர்கள், மறைத்துவிடுவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், பல நாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, பொடியோடு மருத்துவரிடம் போகட்டும்.

கடைசியாக, நோயாளியை மருத்துவரிடம் அனுப்பும் பரிந்துரைச் சீட்டு எழுதப் பழக்காமலே பணியாளர்களை அனுப்பிவிடுகிறோம். "மூட்டுவலி" என்று மட்டும் எழுதினால் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். எந்த மூட்டுகள், எத்தனை வாரமாக, காலை விறைப்பு எத்தனை நிமிடம், வீக்கம், காய்ச்சல் உண்டா, இப்போது என்ன மாத்திரை: இவ்வளவும் நான்கு வரியில் அடங்கும்.