போன்லயே சர்வதேசச் சட்டம் நடத்தறது எப்படிங்க?

மொத தடவை ஐநா சாசனத்துல ஆரம்பிச்சு ஒரு மணி நேர வீடியோவா போட்டு உட்டேனுங்க, பாதிப் பசங்க அஞ்சு நிமிசம்கூட தாண்டல. சத்தியமங்கலத்துலருந்தும் பொள்ளாச்சிலருந்தும் பஸ்ஸுல வர்ற புள்ளைங்களுக்கு போன்தான் கிளாஸே, அதுல ஒரு மணி நேரம் யாரு பாப்பாங்க. இப்பெல்லாம் ஒரே ஒரு கேஸ்லருந்துதான் தொடங்கறது.

எனக்குத் தோதா அமைஞ்சது குல்பூஷண் ஜாதவ் கேஸுங்க, உளவாளின்னு பாகிஸ்தான் புடிச்சு வெச்ச இந்தியர். 2017ல பாகிஸ்தான் ராணுவ கோர்ட்டு தூக்கு குடுத்துச்சு, நம்ம தூதரக ஆளுங்களைப் பாக்கவே விடலைன்னு இந்தியா ஹேக்ல இருக்கற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போச்சு. இதை எட்டு நிமிச ஆடியோவா பேசி வாட்ஸப் குரூப்ல போட்டு உடுங்க, கூடவே தூதரக உறவு பத்தின 1963 வியன்னா ஒப்பந்தத்துல, கைதான வெளிநாட்டுக்காரரை அவரோட நாட்டுத் தூதரக ஆளுங்க பாக்க விடணும்னு சொல்ற 36வது பிரிவை மட்டும் ஒரு பக்க பிடிஎஃப்பா. தீர்ப்பை மட்டும் சொல்லிராதீங்க!

பொழுதோட கூகுள் மீட்ல மூணு ரூமா பிரிச்சு உடுங்க: இந்தியா, பாகிஸ்தான், ஜட்ஜு. அடுத்த வாரம் பக்கத்தை மாத்திருங்க, பாகிஸ்தானுக்கு வாதாடச் சொன்னா மூஞ்சி சுளிப்பாங்க, ஆனா படிப்பு அங்கதான் ஏறுது. வாயே தொறக்காத புள்ளைங்க சாட்ல டைப் பண்ணி அசத்திருவாங்க.

அப்பறம் 2019 தீர்ப்பைக் காட்டுங்க. 36வது பிரிவை பாகிஸ்தான் மீறிருச்சுன்னு ஜட்ஜுங்க ஓட்டு 15க்கு 1, ஆனா விடுதலை பண்ணச் சொல்லல, தண்டனையை மறுபரிசீலனை பண்ணுன்னுதான் சொல்லுச்சு. "அப்ப எதுக்குங்க சார் அந்த கோர்ட்டு?"ன்னு ஒருத்தன் கேப்பான் பாருங்க, அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு வேலையும். உடனே ஐநா சாசனத்துல 94வது பிரிவைத் திறங்க: தீர்ப்பை மதிக்கலைன்னா பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போலாம், ஆனா அங்க அஞ்சு நாட்டுக்கு வீட்டோ, அதாவது தீர்மானத்தை ஒத்தை ஆளா தடுக்கற அதிகாரம். 1986ல இதே கோர்ட்டுல அமெரிக்காவுக்கு எதிரா நிகரகுவா நாடு ஜெயிச்சும், தீர்ப்பை நிறைவேத்தச் சொன்ன தீர்மானத்தை அமெரிக்காவே வீட்டோ பண்ணிருச்சு. சர்வதேசப் பாதுகாப்புப் பாடம் இப்படி தானா வந்து ஒட்டிக்கும்.

ஈரோட்டுப் பசங்க காவிரியை இழுப்பாங்க, உத்தரவு இருந்தும் தண்ணி வரலைங்கற கதைதானேன்னு. இழுக்கட்டும், ஆனா ஒண்ணு சொல்லிருங்க, காவிரிக்கு மேல சுப்ரீம் கோர்ட்டு இருக்குது, நாடுகளுக்கு மேல அப்படி ஒண்ணுமில்ல.

க்விஸ் எல்லாம் எனக்கு நம்பிக்கையில்லீங்க, ஒருத்தனைப் பாத்து பத்து பேரு டிக் அடிக்கறாங்க. ரெண்டு நிமிச வாய்ஸ் நோட்ல வாதத்தைச் சொல்லச் சொல்லுங்க, தமிழ்லயே சொல்லட்டும். இன்னும் எச்சா வேணுங்கறவங்களுக்கு ஐநாவோட ஆடியோவிசுவல் லைப்ரரி லெக்சர் இலவசமாவே கெடக்குது, ஆனா முழுசா அனுப்பாதீங்க, எத்தனாவது நிமிசத்துலருந்து கேக்கணும்னு குறிச்சு அனுப்புங்க.